வீராவின் காலும் ஜூலியின் எடையும்: நாய்க்கு வீட்டில் சமைப்பவர்களுக்கு ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

திருச்சிப் பக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு நாய்கள். ஜூலி 6 வயது லாப்ரடார், கருத்தடை செய்யப்பட்டவள். வீரா 4 மாத ராஜபாளையம் குட்டி, எடை 12 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் ஜூலிக்கு உடம்பெல்லாம் அரிப்பு வந்தது. பாக்கெட் தீவனம் முழுக்க ரசாயனம் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் படித்துவிட்டு, அன்றே அதை நிறுத்தியிருக்கிறார். வீரா வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே வீட்டுச் சாப்பாடுதான்.

காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைக்கிறார். கோழியை எலும்போடு வேகவைத்து, எலும்பை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீரிலேயே அரிசியை வேகவிடுகிறார், எலும்புச் சத்து சோற்றில் இறங்கட்டும் என்று. கேரட், மஞ்சள், கொஞ்சம் உப்பு, உண்ணி வராமலிருக்க ஐந்தாறு பல் பூண்டு. ஆறியதும் தயிர். வீராவுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் அரிசி, 250 கிராம் கறி. ஜூலிக்கு அதே அளவு கறியும் 350 கிராம் அரிசியும். போதாததற்கு மாமியார் மதியம் சாம்பார் சாதம் ஒரு கை வைப்பார். ஜூலி 28 கிலோவிலிருந்து 31 கிலோ ஆகிவிட்டாள். வீரா பத்து நாளாகப் பின்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறான், திண்ணையில் ஏறத் தயங்குகிறான். கடையில் கால்சியம் சிரப் கொடுத்திருக்கிறார்கள். ‘எத்தனை ஸ்பூன் கொடுக்கலாம்? என் சமையல் சரிதானா? அந்தக் காலத்தில் நாயெல்லாம் சோறு தின்று பதினாலு வருஷம் வாழ்ந்ததே என்கிறார் மாமியார், அவர் சொல்வதும் சரிதானே?’ என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும் வீராவின் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், அது காத்திருக்காது.

முதலில் வீராவின் கால்

நாளைக்கே அவனைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், தூக்கிக்கொண்டு போங்கள். எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு மாதமாக என்ன சாப்பிடுகிறான் என்பதை அளவோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், அந்த சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.

வளரும் குட்டி நொண்டுவதற்குக் காரணம் பல. எங்காவது குதித்து அடிபட்டிருக்கலாம். உண்ணியால் வரும் காய்ச்சலில் மூட்டு வலிக்கலாம். ஆனால் நீங்கள் எழுதிய அளவுகளைக் கணக்குப் போட்டதும் எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராமில் கால்சியம் சுமார் 10 மில்லிகிராம். அரிசியிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கேரட்டையும் ஒரு சின்னக் கிண்ணம் தயிரையும் சேர்த்துக் கூட்டினால் வீராவுக்கு ஒரு நாளில் கிடைப்பது 150 மில்லிகிராமைத் தாண்டாது. அவன் வயதில், அவன் சாப்பிடும் கலோரிக்கு, தேவைப்படுவது ஏறக்குறைய 3,000 மில்லிகிராம். இருபதில் ஒரு பங்குகூட முழுசாக இல்லை. கறியிலும் அரிசியிலும் பாஸ்பரஸ் மட்டும் தாராளமாக இருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகிறது. இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் வேலை செய்யாது. அதனால் குட்டியின் உடம்பு தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கத் தொடங்கும். வெளியே பார்த்தால் குட்டி கொழுகொழுவென்றிருக்கும், முடி பளபளக்கும், வயிறார சாப்பிடும். உள்ளே எலும்பு சன்னமாகிக்கொண்டே வரும்.

சில வருடங்களுக்கு முன் ஐந்து மாதக் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சோபாவிலிருந்து இறங்கியது, அவ்வளவுதான், கத்திக்கொண்டே விழுந்துவிட்டது என்றார்கள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எலும்பு வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய இடத்தில், சுற்றியிருந்த சதையைவிடக் கொஞ்சம்தான் வெளுப்பாக இருந்தது. தொடை எலும்பு பச்சைக் குச்சியை வளைத்தது போல மடிந்திருந்தது. மூன்று மாதமாகச் சுத்தமான கோழிக்கறியும் சோறும் மட்டுமே கொடுத்திருந்தார்கள், அதுவும் அவ்வளவு பாசத்தோடு. அந்தக் குட்டி பிழைத்தது. முழுமையான குட்டித் தீவனத்துக்கு மாற்றி, ஒன்றரை மாதம் சின்ன இடத்தில் அடக்கி வைத்ததில் எழுந்து நடந்தது. ஆனால் கால் லேசாக வளைந்தபடியே நின்றுவிட்டது. அதனால்தான் உங்களை நாளைக்கே போகச் சொல்கிறேன்.

மருத்துவர் பார்க்கும்வரை அவனை ஒரு சின்ன அறையில் வையுங்கள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கும், சாக்கோ ரப்பர் பாயோ விரித்துவிடுங்கள். படி ஏறக் கூடாது, ஜூலியோடு உருண்டு விளையாடக் கூடாது. நல்லெண்ணெய் காய்ச்சிக் காலை உருவிவிடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். எலும்பு சன்னமாக இருந்தால் நீங்கள் உருவும்போதே முறியலாம்.

எலும்புத் தண்ணீர், சிரப், காலை வெயில்

இந்த மூன்றையும் நம்பித்தான் நீங்கள் தைரியமாக இருந்திருக்கிறீர்கள். எலும்பை வேகவைத்த தண்ணீரில் ருசி இறங்கும், கொழுப்பு இறங்கும், கொஞ்சம் புரதம் இறங்கும். கால்சியம் மட்டும் எலும்பிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீர் வற்ற வற்றக் கொதித்தாலும் குட்டிக்கு வேண்டியதில் ஒரு துளிதான் அதில் வரும்.

சிரப் விஷயத்தில், எத்தனை ஸ்பூன் என்று நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன். பல சிரப்புகளில் கால்சியத்தோடு விட்டமின் டி-யும் இருக்கும், அது மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். அதோடு ஆறு மாதத்துக்குள் இருக்கும் குட்டியின் குடலுக்கு, ‘போதும்’ என்று கால்சியத்தைத் தடுக்கும் பக்குவம் இன்னும் வந்திருக்காது. கொடுத்ததையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். ராஜபாளையம் போல வேகமாக உயரும் இனங்களில் அளவு மிஞ்சிய கால்சியமும் எலும்பைக் கோணலாக்கும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. வீராவை முழுமையான குட்டித் தீவனத்துக்கு மாற்றிவிட்டால், மருத்துவர் எழுதித் தந்தாலொழிய சிரப்பே வேண்டாம். கால்சியம் ஊசி போடச் சொல்லியும் கேட்க வேண்டாம். வாய் வழியாகச் சரியான உணவு போனால் எலும்பு தானே தேறும்.

காலை வெயிலில் கட்டிப்போட்டால் விட்டமின் டி கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனிதத் தோல் அதைத் தயாரிக்கும். நாயின் தோலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அதற்குச் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதாவது மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல். வீராவின் தட்டில் இந்த மூன்றுமே இல்லை.

இதைப் படித்துவிட்டு உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். 2013-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியினர், புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த 200 நாய் உணவுக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு அத்தியாவசியச் சத்தாவது குறைந்திருந்தது. அந்தக் குறிப்புகளில் கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. எனவே உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை. இந்தக் கணக்கை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

வீராவைப் பொறுத்தவரை என் முடிவு உறுதியானது. வளர்ந்து முடிக்கும்வரை, அதாவது ஒரு வயதைத் தாண்டும்வரை, ‘வளரும் குட்டிகளுக்கான முழுமையான சமச்சீர் உணவு’ என்று அச்சிட்ட தீவனம்தான். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தனியாக இருப்பதை வாங்கினால் இன்னும் நல்லது. நான்கைந்து நாளில் சோற்றைக் குறைத்துத் தீவனத்தைக் கூட்டி மாற்றுங்கள். அவனுக்கு வீட்டில் சமைத்தே தீர வேண்டும் என்றால், கால்நடை உணவியல் படித்த ஒருவர் அவனுடைய எடையைப் பார்த்து மாதாமாதம் அளவை மாற்றித் தர வேண்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே சிகிச்சைப் பிரிவும் உண்டு, உணவியல் துறையும் உண்டு.

பாக்கெட் தீவனம் விஷமா?

இல்லை. தரமில்லாத தீவனங்கள் உண்டு என்பது உண்மை. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: முழுமையான உணவு என்று போட்டிருக்கிறதா, எந்த வயதுக்கு என்று போட்டிருக்கிறதா, காலாவதித் தேதி. கடையில் மூட்டையைப் பிரித்து வைத்து லூஸில் நிறுத்துத் தருவதை வாங்கவே வேண்டாம். நம் ஊர் வெக்கையில் அதிலுள்ள கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். அது எந்தக் கம்பெனி, எந்தத் தேதி என்பதும் தெரியாது.

ஜூலியின் அரிப்புக்கு நீங்கள் தீவனத்தைக் குற்றவாளியாக்கினீர்கள். நாய்க்கு அரிப்பு வர முதல் காரணம் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் தோலில் வளரும் கிருமிகளும்தான். உணவு ஒவ்வாமையும் உண்டு, ஆனால் அதில் அடிக்கடி அகப்படுபவை மாட்டுக்கறி, பால் பொருட்கள், கோழி. நீங்கள் தீவனத்தை நிறுத்திவிட்டுக் கொடுத்தது கோழியும் தயிரும். அரிப்பு முழுசாகப் போகவில்லை என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். வீராவைக் காட்டப் போகும்போது ஜூலியின் தோலையும் காட்டிவிடுங்கள். உணவு ஒவ்வாமைதானா என்று கண்டுபிடிக்க நம்பகமான வழி, அவள் இதுவரை சாப்பிடாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. அதை மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்.

மாமியார் வைக்கும் சாம்பார் சாதம்

உங்கள் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சோறு நாய்க்கு ஆகாது என்று இப்போது பலர் சொல்கிறார்கள், அது தவறு. ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிய பிறகு, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயின் உடம்பில் பல மடங்கு பெருகியிருக்கிறது. 2013-ல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். நன்றாக வேகவைத்த சோறு நாய்க்கு நல்ல உணவுதான்.

ஆனால் அவர் வீட்டு நாய் சோறு மட்டுமா தின்றது? கட்டாமல் அவிழ்த்துவிட்ட நாய் அது. கறிக்கடை வாசலில் பச்சை எலும்பைக் கடித்திருக்கும், மீன் தலை தின்றிருக்கும், வயலில் எலி பிடித்திருக்கும். தட்டில் வைக்காத கால்சியத்தை ஊர் சுற்றித் தானே தேடிக்கொண்டது. அப்புறம், பதினாலு வருஷம் வாழ்ந்த நாயை நாம் ஞாபகம் வைத்திருக்கிறோம், அதன் கூடப் பிறந்து மூன்றாம் மாதம் செத்துப்போன குட்டிகளை மறந்துவிட்டோம். வீரா கேட்டுக்குள்ளேயே வளர்கிறான். நாம் வைப்பதுதான் அவனுக்கு உலகம்.

சாம்பாரை மட்டும் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது, பொடியாக இருந்தால் இன்னும் வீரியம். ஒரு நாளில் விழுந்துவிட வேண்டும் என்பதில்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய் இரத்தசோகையில் கொண்டுவந்து விடலாம். பூண்டு வெங்காயத்தைவிடப் பல மடங்கு கடுமை. உண்ணியை அது விரட்டும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. உண்ணிக்கு மருத்துவர் தரும் மாத்திரையோ சொட்டு மருந்தோ போடுங்கள். இரண்டு நாய்களுக்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. ஈறு வெளுத்திருந்தாலோ சிறுநீர் டீ நிறத்தில் போனாலோ அன்றே ஓடுங்கள்.

புளி விஷயம் நம்மில் பலருக்குத் தெரியாது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பழைய செய்தி. எதனால் என்பதுதான் வெகுநாள் புரியாமல் இருந்தது. 2021-ல் அமெரிக்காவின் விலங்கு நச்சியல் மருத்துவர்கள், அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். அதே அமிலம் புளியில் நிறைய இருக்கிறது. சாம்பார், புளிக்குழம்பு, புளியோதரை, ரசம் எதுவும் வேண்டாம். பாயசத்தில் போட்ட திராட்சையும் வேண்டாம். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருந்தால் அது நாய்க்குக் கொடிய விஷம். வேகவைத்த எலும்பு கூரான சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். நீங்கள் எலும்பை எடுத்துவிடுவது மிகச் சரி, அதைத் தொடருங்கள்.

மாமியாரின் ஆசையைத் தடுக்க வேண்டாம். எதுவும் சேர்க்காத வெறும் தயிர் சாதம் இரண்டு ஸ்பூன் அவர் கையாலேயே ஜூலிக்கு வைக்கட்டும். தாளிப்பு வேண்டாம், உப்பு வேண்டாம். அதை அன்றைய அரிசிக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஜூலிக்கு ஒரு நாள் சமையல்

ஜூலி வளர்ந்து முடித்தவள். அவளுக்கு வீட்டில் சமைப்பது முடியும், நானும் ஆதரிக்கிறேன். ஆனால் 350 கிராம் அரிசியே 1,200 கலோரிக்கு மேல் வந்துவிடுகிறது. அவள் இருக்க வேண்டிய எடை 27 கிலோ என்று வைத்துக்கொண்டால், இளைப்பதற்கு ஒரு நாளைக்கு 850 கலோரி அளவில் தொடங்கலாம். நீங்கள் கொடுப்பது 1,600-க்கும் மேல்.

ஒரு நாளைக்கு: தோலும் எலும்பும் நீக்கிய கோழிக்கறி 300 கிராம், அரிசி 80 கிராம் (இரண்டும் வேகவைப்பதற்கு முன் உள்ள எடை), ஒரு முட்டை, மஞ்சள் பூசணி, பீன்ஸ், சுரைக்காய் போன்ற காய்கள் 150 முதல் 200 கிராம், சூரியகாந்தி எண்ணெய் ஒரு தேக்கரண்டி, நன்றாகப் பொடித்த முட்டை ஓட்டுத் தூள் 3 கிராம். கோழி ஈரல் வாரத்துக்கு 100 கிராம், அதற்கு மேல் வேண்டாம், விட்டமின் ஏ மிஞ்சிவிடும். வாரத்தில் இரண்டு நாள் கோழியில் 100 கிராமைக் குறைத்து, அதற்குப் பதில் முள் எடுத்த மத்தி மீன். முட்டையைப் பச்சையாக ஊற்றாமல் வேகவைத்துக் கொடுங்கள். சோறு குழையட்டும். காயை மசித்துவிட்டால் அவளால் பொறுக்கி ஒதுக்க முடியாது.

முட்டை ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்சவ்வை உரித்து, வெயிலில் முறுகக் காயவைத்து, ஈரமில்லாத மிக்ஸி ஜாரில் அரைத்து மாவு சல்லடையில் சலியுங்கள். விரலில் தேய்த்தால் திருநீறு போல நைசாக இருக்க வேண்டும், நெருநெருவென்று இருந்தால் திரும்ப அரையுங்கள். ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஜூலிக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிராம் அளவு போதும், அதற்குத்தான் 3 கிராம் தூள். தங்கம் நிறுப்பது போல இதை மட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்துப் போடுங்கள். இந்த 3 கிராம் ஜூலிக்கான கணக்கு, வீராவுக்குப் பொருந்தாது.

இவ்வளவு செய்தும் தட்டு இன்னும் முழுமையாகாது. துத்தநாகம், அயோடின், மாங்கனீஸ், விட்டமின் ஈ, விட்டமின் டி எல்லாம் குறைவாகவே இருக்கும். வீட்டுச் சமையலோடு கலக்கவென்றே தயாரிக்கும் விட்டமின், தாது உப்புக் கலவை ஒன்றை உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். முடி பளபளப்புக்கென்று விற்கும் சிரப் அதற்கு ஈடாகாது. நாம் சாப்பிடும் சத்து மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவதும் கூடாது. அந்தக் கலவை கிடைக்கவில்லை, அல்லது தினமும் நிறுத்துப் போட நேரமில்லை என்றால், முக்கால் பங்கு கலோரிக்கு மேல் தீவனமும் மீதிக்கு இந்தச் சமையலும் கொடுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து சமைத்துவிட்டுப் பள்ளிக்கு ஓடும் உங்களுக்கு அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூலி பசி பசி என்று முகத்தையே பார்ப்பாள், தட்டை நக்கி நகர்த்திக்கொண்டே இருப்பாள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத மரபணு மாற்றம் இருப்பதாக 2016-ல் கண்டறிந்திருக்கிறார்கள். அந்தப் பார்வைக்கு மனம் இளகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீவன நிறுவனம் 48 லாப்ரடார்களைக் குட்டியிலிருந்து கடைசிவரை கவனித்தது. கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் 13 வருடம் வாழ்ந்தன, மற்றவை 11 வருடத்துக்குச் சற்று மேல். குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டு வலி மருந்து தேவைப்பட்டதும் தாமதமாகத்தான். ஏங்கும்போது ஒரு வெள்ளரித் துண்டோ வேகவைத்த பீன்ஸோ கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பிடுமுன் இரண்டு பேரையும் எடை போடுங்கள். நீங்கள் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் வீராவின் எடை வந்துவிடும். ஜூலியைத் தூக்க முடியாது, கிளினிக் தராசில்தான் நிறுத்த வேண்டும். அவள் வாரத்துக்கு 300 கிராம் அளவில் இறங்கினால் சரியான பாதை. அதைவிட வேகமாக இறங்கினால் அரிசியை 20 கிராம் கூட்டுங்கள். வீராவின் எக்ஸ்ரேயில் என்ன தெரிந்தது என்று அடுத்த வாரமே எனக்கு எழுதுங்கள்.